கருப்பு நூல் சுத்துன அட்டை

இப்பவும் எவனாவது கடைக்கு வந்து, "அக்கா, அந்த ஊதா அட்டை ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டா எனக்குச் சுள்ளுன்னு ஏறும். என்ன மாத்திரை, யாருக்கு, எதுக்குன்னு கேக்காம டிராயரைத் தொடமாட்டேன். "ஒரு மாத்திரைக்கு இம்புட்டு விசாரணையா, இதுக்குப் போலீஸ் ஸ்டேஷனே தேவலை"ன்னு முனங்கிக்கிட்டே போறவங்க உண்டு. போகட்டும். சின்ன வயசுலயே எங்கப்பா எனக்கு மிளகாவத்தல்னு பேரு வச்சாரு. பாளையங்கோட்டை வாத்தியார் மவ நான், பேரு சாலோமி. இத்தனை வருசம் மருந்துக்கடையில நின்னாச்சு. இனியா இனிக்கப் போறேன்?

ஆனா ஒரு காலத்துல ஊதா அட்டையைப் பாத்தா எனக்குச் சந்தோசமா இருக்கும். யாரோ தூரத்துச் சொந்தக்காரி வாசல்ல வந்து நிக்க மாதிரி இருக்கும். அது தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தாறு வாக்குல.

மருந்துப் படிப்பு முடிச்ச கையோட அம்பாசமுத்திரத்துல பீர் முகம்மது பாய் கடையில சேந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல கடை. சுவத்துல தொங்குறது என் சர்டிபிகேட்டு, கல்லாவுல இருக்கது பாய். தங்கமான மனுசன். ஒரு பாட்டில் கோணலா நின்னாக்கூட அவருக்குச் சோறு எறங்காது. சிவப்போட சிவப்பு, பச்சையோட பச்சைன்னு பொட்டிகளை அடுக்கிவச்சு, ரோட்டுல நின்னு அழகு பாப்பாரு. இங்கிலீஷ் எழுத்து அவருக்கு ஓடாது. "மருந்து பூரா கலருலதான் புள்ள இருக்கு"ம்பாரு. வெளுத்ததெல்லாம் பாலுன்னு நெனைக்கிற ஆளு.

எங்க கடையில மாஞ்சோலைக்காரங்களுக்குன்னு ஒரு வழக்கம் இருந்துச்சு. மலையில தேயிலை பறிக்கவங்க நெனைச்ச நேரத்துக்குக் கீழ எறங்கி வர முடியாது, அன்னைய வேலை போயிரும். அங்கன இருந்த ஆஸ்பத்திரியில கெடைக்காத மருந்துக்கு நாங்கதான் கதி. மாத்திரை தீந்ததும் வெறும் அட்டையை ஒரு துணியில முடிஞ்சு, காசையும் உள்ள வச்சு, பஸ் கண்டக்டர் ராமசுப்பு அண்ணாச்சி கையில குடுத்துருவாங்க. சீட்டும் கெடையாது, பேரும் கெடையாது. ஆளுக்கு ஒரு அடையாளந்தான். ஒருத்தர் அட்டையில ஊக்கு மாட்டியிருப்பாரு, ஒருத்தி ரிப்பன் துண்டு கட்டியிருப்பா. நான் அதே மாத்திரையை எடுத்து, அந்த அடையாளத்தைக் கழத்திப் புது அட்டையில கட்டி, அதே துணியில முடிஞ்சு வச்சிருவேன். வெறும் அட்டை கம்பியில கோத்துத் தொங்கும். மறு பஸ்ஸுக்கு அண்ணாச்சி வந்து வாங்கிக்கிடுவாரு.

"மேல போனா கால்ல அட்டை கடிக்கி. கீழ வந்தா அட்டைக்காரி நீ கடிக்க. நான் எங்கனதான் போயி நிக்க?"ம்பாரு.

"வீட்டுல மதினி கடிக்காம பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, அது போதும்"ம்பேன்.

ஊதா அட்டையில கருப்பு நூல் சுத்தி வந்தா அது சுடலைவடிவு. எனக்கு வடிவு.

அவளை நான் மொதல்ல பாத்தது பாளையங்கோட்டையில. ஒரு ஆஸ்பத்திரியில பயிற்சிக்கு நிக்கும்போது கைப்பிள்ளையோட வந்திருந்தா. புருசன் செத்துப்போன புதுசு. அவளுக்கு வலிப்பு. டாக்டர் ஊதா அட்டை மாத்திரையை எழுதிக் குடுத்து, "ஒரு நாள்கூட விடக்கூடாதும்மா"ன்னு சொன்னாரு. வெளிய வந்ததும் என் கையைப் புடிச்சுக்கிட்டா.

"யக்கா, இது மலையில யாருக்கும் தெரியக்கூடாது. செங்குத்துச் சரிவுல நின்னு கொழுந்து பறிக்கவ நான். வலிப்புன்னு தெரிஞ்சா பேரை வெட்டிருவாங்க. பேரை வெட்டுனா எஸ்டேட்டு குடுத்த லைன் வீடும் போயிரும். இந்தப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

"என் வாயில இருந்து வராது"ன்னு சொன்னேன். நான் வாயாடிதான், ஆனா இந்த மாதிரி விசயத்துல என் வாயி இரும்புப்பொட்டி.

தலைவலி மாத்திரைன்னு மலையில சொல்லி வச்சிருந்தா. கீழ பாய்க்கும் அதே கதைதான். அதுக்கப்புறம் எங்க சிநேகம் பூரா பஸ்ஸுலதான் ஓடுச்சு. துணி முடிச்சுல அட்டையோட ஒரு பிடி நல்ல மொளகு வரும். தேயிலைத்தூள் வரும், பிரிச்சா கடையே மணக்கும். நான் கல்லிடைக்குறிச்சி அப்பளம் அனுப்புவேன், பிள்ளைக்கு ரிப்பன் அனுப்புவேன். "மேல மழை பிச்சு உதறுதாம், ஒங்கிட்டச் சொல்லச் சொன்னா"ம்பாரு அண்ணாச்சி. "கீழ வெயிலு மண்டையப் பொளக்குன்னு சொல்லுங்க"ம்பேன். ரெண்டு பேரும் நேர்ல பாத்துப் பேசுனது கொஞ்சந்தான். ஆனா அந்த மாதிரி ஒரு சிநேகிதி எனக்கு அதுக்கு மின்னயும் கெடையாது, பின்னயும் கெடையாது.

இன்னொரு ஆளைப் பத்தியும் சொல்லணும். ஸ்ரீராகவ். கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்துப் பையன், மருந்துக் கம்பெனி ரெப். கழுத்துல டை, தோள்ல பெரிய தோல் பை, ஒரு ஹீரோ ஹோண்டா. சித்திரை வெயில்லயும் அந்த டையக் கழத்தமாட்டான். டாக்டரப் பாக்கப் போறதுக்கு மின்ன எங்க கடையில வந்து நின்னு, கம்பெனி சொல்லிக்குடுத்த பாடத்தை எங்கிட்ட ஒப்பிச்சுப் பாப்பான். சண்டே ஸ்கூல் பிள்ளைக வசனம் ஒப்பிக்க மாதிரி கண்ணை மேல வச்சுக்கிட்டு கடகடன்னு சொல்லுவான். நடுவுல நான் வேணும்னே ஒரு கேள்வி கேப்பேன். பாவம், மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிப்பான். கிரிக்கெட் நடந்தா பாயும் அவனும் ரேடியோவுக்கு ரெண்டு பக்கமும் காதை வச்சுக்கிட்டு நிப்பாங்க. நல்ல பையன். சிரிச்சா கண்ணு ரெண்டும் காணாமப் போயிரும்.

ஒரு நாள் அவன் பையில இருந்து ஒரு புது அட்டையை எடுத்து வச்சான். எனக்குத் திக்குன்னுச்சு. அதே ஊதா. அதே வெள்ளைக் கோடு. மாத்திரை வடிவம்கூட அதேதான்.

"இது என்ன?"

"நரம்புக்குச் சத்து மாத்திரை மேடம். வைட்டமின். புது அயிட்டம்."

நான் டிராயர்ல இருந்து வலிப்பு மாத்திரையை எடுத்து அதுக்குப் பக்கத்துல வச்சேன். "இது ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லுங்க பாப்போம்."

அவன் குனிஞ்சு பாத்தான். "எழுத்து வேற..."

"எழுத்தை எவன் பாக்கான்? வேணும்னேதான இப்படிப் போட்டிருக்கான் ஒங்க கம்பெனிக்காரன்?"

பொய் சொல்லத் தெரியாத பையன். கொரலைத் தாழ்த்திக்கிட்டான். "ஏற்கெனவே ஜனங்க கண்ணுல பதிஞ்ச அட்டை எதுன்னு பாத்துத்தான் இந்தக் கலரை எடுத்தாளாம். 'கடைக்கு வர்றவன் எழுத்தைப் பாக்கமாட்டான், கலரைப் பாப்பான்'னு மானேஜர் மீட்டிங்ல சொன்னார். எல்லாரும் கை தட்டினோம்."

"நீங்களும் தட்டுனியளோ?"

"எல்லாரும் தட்டறச்சே நான் மட்டும் எப்படி மேடம்..."

"நல்லா தட்டுனிய. பேதியில போவான் ஒங்க மானேஜரு."

ஆனா பாய்க்கு அந்த மாத்திரை மேல ஆசை வந்துட்டு. அம்பது பொட்டி எடுத்தா ஒரு சூட்கேஸ் இனாமாம். "சத்து மாத்திரைதான புள்ள, தின்னவன் செத்தா போவான்?"ன்னாரு. தின்னவன் சாவமாட்டான் மொதலாளி, வேற மாத்திரை தின்ன வேண்டியவன் இதைத் தின்னா என்ன ஆவான்னு கேட்டேன். "நீதான் கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டு நிக்கியே"ன்னு சிரிச்சாரு. சரி, எங்கன வைக்கணுமோ அங்கன வைப்போம்னு நான் புது ஊதாவைக் கடைக்கோடி அலமாரியில ஏத்திட்டேன். பழைய ஊதா கட்டு டிராயருக்குள்ள ரப்பர் பேண்டு போட்டபடி இருந்துச்சு.

அந்தத் தடவை பாளையங்கோட்டையில எங்க சர்ச்சு ஸ்தோத்திரப் பண்டிகை. அதோட எங்க சித்தப்பா மவ கல்யாணமும் சேந்துட்டு. ஒரு வாரம் லீவு போட்டேன். போறதுக்கு மின்ன பாய்கிட்ட, மாஞ்சோலைத் துணி வந்தா பாத்துக் குடுங்க, புது ஊதாவைத் தொடவேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்து கடைக்குள்ள காலை வச்சதும் பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாரு புள்ள, நீ இல்லாதப்ப கடையை எப்படி ஆக்கி வச்சிருக்கேன்!" உண்மையிலயே கண்ணாடி மாதிரி வச்சிருந்தாரு. நீலத்தோட நீலம், மஞ்சளோட மஞ்சள். நான் நேரே போயி ஊதா டிராயரைத் தொறந்தேன். புது ஊதாப் பொட்டிக அத்தனையும் அதுக்குள்ள. அடியில என் ரப்பர் பேண்டு போட்ட பழைய கட்டு, நான் வச்சுட்டுப் போனது மாதிரியே பிரிக்காமக் கெடக்கு.

திரும்பிக் கம்பியைப் பாத்தேன். வெறும் அட்டைகளுக்கு நடுவுல ஒரு ஊதா அட்டை. கருப்பு நூலு அதுலயே சுத்தியிருக்கு.

"மொதலாளி, இது என்னைக்கு வந்துச்சு?"

"நீ போன அன்னைக்கே. அட்டையைப் பக்கத்துல வச்சுப் பாத்துத்தான் புள்ள குடுத்தேன். ஊதாவுக்கு ஊதா. நூலை மாத்திக் கட்ட மறந்துட்டேன் போலுக்கு. ஆனா அவ துணியிலதான் முடிஞ்சு குடுத்தேன்."

"மேல கெடந்ததை எடுத்துக் குடுத்துட்டியளா?"

பாய் டிராயரையும் பாத்தாரு, என் முகத்தையும் பாத்தாரு. "தலைவலிதான அந்தப் புள்ளைக்கு?"ன்னு கேட்டாரு. நான் அந்தப் பழைய கட்டை உருவி என் பைக்குள்ள போட்டேன். அவருக்குப் புரிஞ்சுபோச்சு. அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாரு.

ஒரு வாரம். ஒரு வாரமா வடிவு வெறும் சத்து மாத்திரையைத் தின்னுக்கிட்டு அந்தச் சரிவுல நிக்கா. காலை பஸ்ஸு போயிட்டு. எஸ்டேட் ஆபீஸ்ல போன் உண்டு. ரிசீவரை எடுத்துட்டேன். ஆனா என்னன்னு சொல்ல? 'சுடலைவடிவுகிட்ட வலிப்பு மாத்திரை மாறிப்போச்சுன்னு சொல்லுங்க'ன்னா? அந்த ஒரு வார்த்தையில அவ வேலையும் போச்சு, வீடும் போச்சு. சொல்லாம இருந்தா உசுரு. ரிசீவரைக் கையில வச்சுக்கிட்டு நான் அழுததை பாய் பாத்தாரு. என் வாழ்க்கையில நான் கடையில நின்னு அழுதது அன்னைக்கு ஒரு நாள்தான்.

அந்நேரம் பாத்து, "வணக்கம் மேடம்!"னு சிரிச்சுக்கிட்டே வந்து நின்னான் ஸ்ரீராகவ்.

நான் புது ஊதா அட்டையை எடுத்து அவன் பை மேல வீசுனேன். "வாங்கய்யா, வாங்க! கலரைப் பாத்துத்தான் வாங்குவாங்கன்னு கை தட்டுனியல்லா, நல்லாத் தட்டுங்க! ஒருத்தி அங்க மலையில..." மிச்சத்தைப் பாய்தான் சொன்னாரு. அவன் மூஞ்சியில ரத்தமே இல்ல. பையைக் கழத்திக் கவுண்டர்ல வச்சான். டையையும் கழத்தி அது மேல வச்சான்.

"ஏறுங்கோ. இப்பக் கெளம்பினா மத்தியானத்துக்குள்ள போயிடலாம்."

கல்யாணமாகாத வேதக்காரப் பொண்ணு, சர்ச்சுக்குப் போறவ, அக்ரஹாரத்துப் பையன் பைக்குல பின்னால உக்காந்து கல்லிடைக்குறிச்சி வழியாப் போறதுன்னா அந்தக் காலத்துல சின்ன விசயமா? போதாக்குறைக்கு ரயில்வே கேட்டு வேற சாத்திட்டான். செங்கோட்டை ரயிலு ஆடி அசைஞ்சு வாரதுக்குள்ள ஊரே எங்களைப் பாத்துட்டு. அவன் பெரியம்மா ஒருத்தி அப்பளக் கூடையோட நின்னு கண்கொட்டாமப் பாத்தா. அவன் அசையல. நான் பையில இருந்த பழைய ஊதா அட்டையைக் கையால தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

மணிமுத்தாறு செக்போஸ்ட்ல நிப்பாட்டுனாங்க. வாச்சர் அவனைப் பாத்ததும் ரோட்டுக்குக் குறுக்க கெடந்த கம்பைத் தூக்கிட்டாரு. வருசா வருசம் இருமல் டானிக் சாம்பிள் குடுத்து வச்சிருக்கான். "மேல எந்த டாக்டரையா பாக்கப் போறிய, அக்காவையும் கூட்டிக்கிட்டு?"ன்னு இளிச்சாரு. நான் பாத்த பார்வையில இளிப்பு நின்னுட்டு.

அந்த மலைப்பாதையை நெனைச்சா இப்பவும் மனசு ஏங்குது. கீழ டேம் தண்ணி, அதுக்கு அங்கிட்டு தாமிரபரணிக்கரை வயலெல்லாம் பச்சைப் பசேல்னு. ஒவ்வொரு வளைவுக்கும் குளிரு கூடுது. வேற நாளா இருந்தா பாட்டே பாடியிருப்பேன். அன்னைக்கு எனக்குத் தெரிஞ்ச ஜெபமெல்லாம் வாயில ஓடிக்கிட்டு இருந்துச்சு.

கொழுந்து எடை போடுற கொட்டகையை நெருங்கும்போதே குலவைச் சத்தம் கேட்டுச்சு. பொம்பளைக வட்டமா நிக்காங்க. விலக்கிக்கிட்டு உள்ள போனேன். நடுவுல சாக்கு மேல வடிவு. முடி அவுந்து கெடக்கு, சேலையெல்லாம் சேறு, கடிச்ச ஒதட்டுல ரத்தம். கண்ணு எங்கயோ பாக்கு. வலிப்பு வந்து ஓஞ்ச ஒடம்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஆனா நெத்தி நெறைய திருநீறு. மடியில வேப்பங்கொலை. வேலை மேய்க்கிற கங்காணி தலைத்துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு கையெடுத்துக் கும்பிட்டு நிக்கான். "தாயே, பேச்சியம்மா, என்ன கொறை வச்சோம்? சொல்லு தாயே"ங்கான்.

"தாயி ஆடிக் களைச்சுப் போயிருக்கா, இப்பக் கேட்டா கோவம் வரும். வெலகுங்க, வீட்டுல கொண்டு படுக்க வைக்கணும்"னு ஒரு வயசான பொம்பளை அதட்டுதா. கங்காணி பையப் பின்னால போறான்.

எனக்குப் பொறுக்கல. சாமியாவது பூதமாவது, இது நோவுன்னு கத்த வாயைத் தொறந்துட்டேன். அந்தக் கெழவி எட்டி என் மணிக்கட்டைப் புடிச்சா. புடியா அது, குறடு. கொட்டகைக்குப் பின்னால இழுத்துட்டுப் போனா.

"நீ மருந்துக்கடைப் பிள்ளைதான? வாயைத் தொறந்த, அவ பொழப்புல மண்ணு."

"ஒங்களுக்கு... அவளுக்கு என்னன்னு தெரியுமா?"

"தெரியாமலா? தலைவலிக்கு எவட்டி வருசக்கணக்கா மாத்திரை திம்பா? லைன்ல அத்தனை பொம்பளைக்கும் தெரியும். தெரியும்னு அவகிட்டக் காட்டிக்கிடல, அம்புட்டுத்தான். இன்னைக்கு மேக்காட்டுல கீழ விழுந்து கை காலு வெட்டுச்சு. நல்லவேளை, மேட்டுல விழுந்தா. கங்காணி ஓடி வாரான். என்ன செய்யச் சொல்லுத? நாந்தான் மொதல்ல குலவை போட்டேன். மத்தவளுவ புரிஞ்சுக்கிட்டாளுவ."

அப்பத்தான் அவ கழுத்தைப் பாத்தேன். கருப்புக் கயித்துல ஒரு சின்னச் சிலுவை. "ஒங்க பேரு என்ன?"

"சாரம்மாள்."

"நீங்க வேதக்காரங்களா இருந்துக்கிட்டா பேச்சியம்மனுக்குக் குலவை போட்டிய?"

"ஆமா. கர்த்தர் மன்னிப்பாரு. கங்காணி மன்னிக்கமாட்டான்."

அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துட்டு எனக்கு. சாரம்மாள் என் கண்ணைத் தன் முந்தானையால தொடைச்சுவிட்டா. "போயி மாத்திரையைக் குடு"ன்னா.

லைன் வீட்டுல வடிவுக்கு நெனைவு தெளிய ரொம்ப நேரமாச்சு. என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தா. அவ மொதல்ல சொன்னது என்ன தெரியுமா? "யக்கா, நான் விடாமத் தின்னேனே. ஒரு நாள்கூட விடலையே யக்கா"ன்னா. என்னமோ அவதான் தப்புப் பண்ணுன மாதிரி. நடந்ததைச் சொன்னேன்.

"நூல் இல்லாம வந்துச்சு யக்கா. என்னன்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். கலரு சரியாத்தான இருக்குன்னு தின்னுட்டேன்."

ஸ்ரீராகவ் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்தான். அந்தச் சொல்லக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

நல்ல மாத்திரையைக் குடுத்துட்டு நான் குதிச்சேன். "அந்தக் கரிமுடிவான் கம்பெனிய விடமாட்டேன். மருந்து இன்ஸ்பெக்டருக்கு எழுதுதேன். சென்னைக்கு எழுதுதேன். சந்தி சிரிக்க வைக்கேன்."

"யாரு பேரைப் போட்டு எழுதுவிய?"ன்னு வடிவு கேட்டா.

நான் புது அட்டையைத் தூக்கி அதுல இருந்த கம்பெனி பேரைக் காட்டுனேன்.

"என் பேரைத்தான போடணும்? வலிப்புக்காரின்னு?" படுத்த வாக்குலயே ரெண்டு கையையும் கூப்புனா. "வேண்டாம் யக்கா. சாமி வந்ததாவே இருக்கட்டும். எனக்கு இந்த வீடு இருந்தாப் போதும்."

அம்புட்டுத்தான். என் வாயைக் கட்டிப் போட்டுட்டா. ஒரு வாரம் மாத்திரை இல்லாம ஒருத்தி வலிப்பு வந்து விழுந்திருக்கா, அதுக்குக் காரணம் எவன்னு எனக்குத் தெரியும், கையில அட்டை இருக்கு. ஆனா சொல்ல முடியாது. சொன்னா அவனுக்கு ஒரு அபராதத்தோட போச்சு, அவளுக்கு வீடே போயிரும். அந்தக் கம்பெனி பேச்சியம்மன் புண்ணியத்துல தப்பிச்சுது. இதை நெனைச்சா இப்பவும் என் பல்லு நறநறங்கும்.

பாய் அந்த ஊதாப் பொட்டி அத்தனையையும் சூட்கேஸுக்குள்ள போட்டு, தானே திருநெல்வேலிக்குத் தூக்கிட்டுப் போயி மொத்த வியாபாரி மேசையில கவுத்துட்டு வந்தாரு. சூட்கேஸையும் அங்கனயே விட்டுட்டாரு. "நாந்தான புள்ள குடுத்தேன், என் கையாலதான குடுத்தேன்"னு எத்தனையோ நாள் பொலம்புனாரு. அதுக்குப் பொறவு கடையில கலருக்குக் கலர் அடுக்குறதையே விட்டுட்டாரு.

ஸ்ரீராகவ் மதுரையில நடந்த மீட்டிங்ல எந்திரிச்சு, இந்த அட்டையை மாத்துங்கோன்னு சொல்லியிருக்கான். யாருக்கு என்ன ஆச்சு, எந்த ஊரு, ஆளு பேரு என்னன்னு மானேஜர் கேட்டிருக்கான். இவன் வாயைத் தொறக்கல. "பேரில்லாத பேஷண்டா?"ன்னு மானேஜர் கேக்க, கூட்டம் கொல்லுன்னு சிரிச்சிருக்கு. அந்த வருசம் அந்த ஊதாதான் எங்க ஜில்லாவுல அமோகமா ஓடுச்சு. இவன் வேலையை விட்டுட்டு பம்பாய்க்குப் போயிட்டான். போறதுக்கு மின்ன கடைக்கு வந்தான். டை இல்ல, பை இல்ல. "வரேன் மேடம்"னான். கொஞ்ச நேரம் நின்னான். நானும் ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா? போங்க, அந்தக் கதை இப்ப எதுக்கு.

வடிவு கதைதான் கதை. அந்த வருசம் மலையில பேச்சியம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்துச்சு. "பேச்சி எறங்குனவ இருக்காளே, ஆடட்டும்"னு எல்லாரும் கூடிட்டாங்க. ஆடாட்டா அன்னைக்கு வந்தது என்னன்னு கேள்வி வருமே. ராமசுப்பு அண்ணாச்சி துணி முடிச்சோட சேதி கொண்டாந்தாரு. "கொடைக்கு ஆடணுமாம், ஆடத் தெரியாதே என்ன செய்யன்னு ஒங்கிட்டக் கேக்கச் சொன்னா. ஏம்மா, சாமியாடதுக்கும் ஒங்கிட்ட மாத்திரை இருக்கா?"ன்னாரு. பாவம், அந்த மனுசனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் என்னத்தச் சொல்ல? தலையை விரிச்சுப் போடு, வேப்பங்கொலையைப் புடி, மத்ததை சாரம்மாள் பாத்துக்கிடுவான்னு சொல்லி அனுப்புனேன்.

ஆடுனா. வருசா வருசம் ஆடுனா. எங்க மாத்திரை ஒழுங்காப் போச்சு, அவளுக்கு வலிப்பு அதுக்குப் பொறவு எட்டிப் பாக்கல. சாமிதான் தவறாம வந்துச்சு. கங்காணி குறி கேப்பான். இவ வாயில வந்ததைச் சொல்லுவா. "பொம்பளையாளுக்கு மழைக்காலத்துல சீக்கிரம் வேலைய விடு"ன்னு ஒரு வருசம் சொன்னாளாம். விட்டானாம். அதைக் கேட்டு நானும் பாயும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

பாயும் போயிட்டாரு, சாரம்மாளும் போயிட்டா. கடை இப்ப என்னுது. எஸ்டேட்டை மூடி, மலையை விட்டு எல்லாரும் எறங்குன வருசம் வடிவு கடைக்கு வந்தா. தலை பூரா நரை. மவ வீட்டோட இருக்காளாம். ஸ்டூல்ல உக்காந்து பழைய துணி முடிச்சை அவுத்தா. ஊதா அட்டை, கருப்பு நூலு.

"கடைசிக் கொடை எப்படி நடந்துச்சு வடிவு?"ன்னு கேட்டேன்.

"எல்லாரும் அழுதாங்க யக்கா. 'தாயே, நாங்க எங்க போவோம்? இனி எங்க வீடு எது?'ன்னு கேட்டாங்க. இத்தனை வருசம் வாயில வந்ததைச் சொல்லித் தப்பிச்சேன். அன்னைக்கு ஒண்ணும் வரல. வேப்பங்கொலையைப் புடிச்சுக்கிட்டுச் சும்மா நின்னேன். குலவை போட சாரம்மாளும் இல்ல." கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. "அந்தக் கம்பெனி இருக்கா யக்கா?"

"இருக்கு. பெருசா வளந்து நிக்கு."

"அவன் மாத்திரைக்கு நான் ஆடுன ஆட்டம் அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது வடிவு. ஒருத்தனுக்கும் தெரியாது."

புது அட்டையை எடுத்தேன். பழைய அட்டையில இருந்து நூலைக் கழத்துனேன். நூலு நைஞ்சு போயிருந்துச்சு. "இனி எதுக்குட்டி இது? பஸ்ஸுலயா வரப்போவுது? ரெண்டு தெரு தள்ளித்தான இருக்க?"ன்னு குப்பையில போடப் போனேன்.

சட்டுன்னு என் கையைப் புடிச்சா. அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல புடிச்ச அதே புடி.

"கட்டுங்க யக்கா. கலரை எவனும் அடிச்சிருவான். நூலு நீங்க கட்டுனதுலா."

கட்டிக் குடுத்தேன்.